பன்னிரண்டு வாய்களில் மாரியாயி அக்கா

என்னிடம் இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒன்று, மூடி போட்ட எதையும் திறந்து பார்ப்பது. மற்றது, யாராவது ஒரு நல்ல சொலவடை சொன்னால் அதை அங்கேயே ஒரு கொப்பியில், நோட்டுப் புத்தகத்தில், எழுதி வைத்துக்கொள்வது. தனித்தனியாக இருந்தவரை இரண்டாலும் யாருக்கும் பெரிய தீங்கு வரவில்லை. (அம்மாவின் மேசை மணிக்கூட்டைத் தவிர. அது திரும்ப ஓடவே இல்லை.) இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்துக்கொண்ட ஒரு விஜயதசமிக் காலையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இலங்கையில், மாத்தளைப் பக்கத்து யட்டவத்த கடைவீதியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கடை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பக்கத்துத் தையல்காரர் அதை “ராசுவின் அலுமாரி” என்பார். பள்ளிக்கூடம் என்னைப் பத்தாம் வகுப்போடு வழியனுப்பி வைத்திருந்தது. மிச்சப் படிப்பையெல்லாம் திருகாணி கழற்றித்தான் படித்தேன். ரேடியோ, டி.வி., பிறகு யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப்போன ஒரு கம்ப்யூட்டர். அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமே ஓடவில்லை, ஆடவில்லை, ஒரு காற்றாடியைத் தவிர. இவ்வளவு வேலை செய்கிற சாமான் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

என் வீட்டார் இருந்தது யட்டவத்தவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். உச்சியில் தேயிலை, கீழே மிளகும் கொக்கோவும். அங்கே சாந்தி என்று ஒரு பெண் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீடுகளின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்கென்று இடம் கிடையாது. கோவிலில் நடத்துவாள்; கோவிலில் விசேஷம் என்றால் யார் வீட்டு வாசலிலாவது; மழை என்றால் எங்கேயும் இல்லை. மாத்தளையில் மழைக்கு என்ன பஞ்சம்? ஆக, வகுப்பு மாதத்தில் பாதி நாள் நடக்கும்.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு அமைப்பு, வெளிநாட்டு அலுவலகம் ஏதோ கழித்துவிட்ட பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்களை சாந்தியின் வகுப்புக்குக் கொடுத்தது. வைக்க இடம் வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடந்தது. அவர்களுக்குப் புதுக் கட்டடம் கட்டியாயிற்று. சாந்தி துரையிடம், அதாவது தோட்டத்து மேனேஜரிடம், போய்க் கேட்டாள். எங்கள் துரை சிங்களவர். இருபது வருடம் தோட்டங்களில் இருந்து தமிழ் பழகியவர். கேட்டதும் உடனே கொடுத்துவிடுகிற ஆள் இல்லை.

“முதல்ல வேலை செய்யுறது காட்டு. செஞ்சா சாவி உனக்கு. செய்யல்லன்னா, கணக்கப்பிள்ளை மிளகு மூட்டைக்குக் கேக்குறார், அவருக்கு.”

கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று, மூட்டை எத்தனை அடுக்கலாம் என்று கண்ணாலேயே சுவரை அளந்துகொண்டிருந்தாராம்.

சாந்தி நேரே என் அலுமாரிக்கு வந்தாள். “ராசு, உனக்கு கம்ப்யூட்டர் தெரியுந்தானே?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது சாந்தி. (இதற்கு மேல் அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதப்போவதில்லை. அவள் இதைப் படிப்பாள்.)

பன்னிரண்டையும் திறந்து பார்த்தேன். சீடி போட வழி இல்லை. ஹார்ட் டிஸ்க் இருந்தது, சின்னது, துடைத்து வெறுமையாக்கி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கழற்றி, கம்ப்யூட்டரை ஓட்டுகிற புரோகிராமை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்றிப் பூட்டலாம். ஆனால் ஒரே வேலையைப் பன்னிரண்டு தடவை செய்வதற்கு எதற்கு மெக்கானிக், செக்குமாடு போதுமே என்கிற திமிர் எனக்கு. மாத்தளை டவுனில் இன்டர்நெட் கடை வைத்திருந்த கூட்டாளி ஒருவன், “இலவசமா ஒரு சாமான் இருக்குடா, லினக்ஸ். ஒரு மெஷின்ல போட்டா போதும், மத்ததெல்லாம் வயர்ல இருந்தே எழும்பும்” என்று சொல்லி, முப்பது தாள் அச்சடித்துக் கொடுத்தான். எல்லாம் இங்கிலீஷ். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்றில் ஒரு பங்கு விளங்கியது. அந்த ஒரு பங்கே என்னைத் தூங்கவிடவில்லை.

விஷயம் இதுதான். உள்ளே ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்ததும், அது வயரில் வாயை வைத்துக் கத்துமாம்: “நான் யாரு? என் நம்பர் என்ன? யாராச்சும் இருக்கீங்களா?” மறுமுனையில் ஒரு தாய் மெஷின் விழித்திருந்தால், “நீ மூணாம் நம்பர். இந்தா, பிடி” என்று லினக்ஸை ஊட்டிவிடுமாம். பிறந்த பிள்ளை மாதிரி, தன் பெயரே தெரியாமல் கண் விழித்து, முதல் வேலையாகத் தாயைக் கூப்பிடுகிற மெஷின்! எனக்கு அதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் போல் இருந்தது. பிள்ளைகளின் படிப்பு, பிள்ளைக்காம்பரா, மிளகு எல்லாம் இரண்டாம் பட்சம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கப்படவும் நேரம் இல்லை.

தாய் மெஷினாக என் கடைக் கம்ப்யூட்டரையே போடுவது என்று முடிவு. வயரும், எல்லாவற்றையும் இணைக்கிற ஹப் என்கிற விளக்குப் பெட்டியும் மாத்தளையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ரேடியோவில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் சோதனைச்சாவடிகள் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தன. வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் ஒரு சுருள் வயர், குறடு, விளக்கு விளக்காக ஒரு பெட்டி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பையைத் திறந்த சிப்பாய்க்கு என்னைவிட வயது குறைவு. இரண்டடி பின்னால் போனான்.

“மே மொனவாத?”

இது என்னவென்று கேட்கிறான். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு, மாத்தயா, என்று சிங்களத்தில் சொன்னேன்.

“பேசுமா?”

“பேசும், மாத்தயா.”

“என்ன பேசும்?”

இதற்கு முப்பது தாளிலும் பதில் இல்லை. “நான் யார் என்று கேட்கும்” என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பஸ்ஸில் வந்த ஒரு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தாள்களையெல்லாம் புரட்டினான், பெட்டியைக் குலுக்கினான், மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினான். கால் மணி நேரம் பஸ் முழுவதும் என்னை முறைத்தது. கடைசியில் பையைத் திருப்பித் தந்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் போலச் சொன்னான்: “பேசினால் வந்து சொல்லு.”

அவனும் என் ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். மூடி திறக்கிற ஜாதி.

ஒரு வாரத்தில் பன்னிரண்டையும் பிள்ளைக்காம்பராவில் வரிசையாக வைத்து இணைத்தேன். முதல் மெஷின் கத்தி, தாய் பதில் சொல்லி, திரையில் படம் வந்த நிமிடத்தில் நான் போட்ட கூச்சலில் மேல் லயத்து நாய்கள் எல்லாம் பதிலுக்குக் குரைத்தன. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது மெதுவாக வந்தது. பன்னிரண்டையும் ஒன்றாகப் போட்டபோதுதான் விளங்கியது. தோட்டத்துப் பீலியில், மலைத் தண்ணீர் விழுகிற அந்த ஒற்றைக் குழாயில், ஒரே நேரத்தில் பன்னிரண்டு குடத்தை நீட்டினால் எப்படி? அந்தக் கதைதான். ஒவ்வொரு மெஷினும் எதைத் தொட்டாலும் அதைத் தாயிடம் கேட்டு, வயர் வழியாக வாங்கித்தான் காட்டவேண்டும். எல்லாம் சொட்டுச் சொட்டாக வந்தது.

அந்தச் சொட்டையும் பார்க்கத் துரை வந்தார். “வாங்க ஐயா” என்று வேகமாக எழுந்தேன். என் கால் தாய் மெஷினின் வயரில் மாட்டி, அது பிடுங்கிக்கொண்டது. பன்னிரண்டு திரையும் அப்படியே உறைந்துவிட்டன.

துரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். “ஒண்ணு செத்தா பன்னெண்டும் சாகுறதா?”

“ஐயா, அது வந்து…”

“மிளகு மூட்டைல ஒண்ணு நனைஞ்சா ஒண்ணுதான் கெட்டுப்போறது. உன் மெஷின் மிளகைவிட மோசம்.”

கணக்கப்பிள்ளை இருமினார். சந்தோஷ இருமல். துரை வாசலில் நின்று ஒரு தவணை கொடுத்தார்: சரஸ்வதி பூசை முடிந்து விஜயதசமி அன்று காலை வருவேன். ஒன்று செத்தால் ஒன்றுதான் சாகவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே மிளகு.

அவர் போனதும் சாந்தி கேட்டாள்: “செய்ய முடியுமா ராசு? முடியாதுன்னா இப்பவே சொல்லு. பிள்ளைகள்கிட்ட நான் ஏதாவது சொல்லணும்.”

“முடியும்” என்றேன். எப்படி என்று தெரியாது. ஆனால் பீலியைப் பற்றியே யோசித்துக்கொண்டு நடந்தபோது விடையும் பீலியடியிலேயே கிடைத்தது. லயத்தில் யார் தாகத்துக்குத் தாகம் பீலிக்கு ஓடுகிறார்கள்? ஒரு தடவை குடம் நிறைத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க்குகள்தான் குடம்! லினக்ஸ் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி (இமேஜ் என்பார்கள்), ஒரே ஒரு தடவை ஒவ்வொரு மெஷினின் வயிற்றிலும் நிறைத்துவிட்டால், பிறகு காலையில் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டு எழும்பினால் போதும். மற்றதெல்லாம் சொந்தக் குடத்துத் தண்ணீர்.

பொட்டலம் மாறினால் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி செய்தேன். பொட்டலத்துக்கு ஒரு எண். காலையில் பிள்ளை தாயிடம் எண்ணைக் கேட்கும். தன் வயிற்றில் இருப்பதும் அதே எண் என்றால், சரி, இருப்பதே போதும் என்று எழும்பிவிடும். எண் வேறு என்றால் மட்டும் புதிதாக நிறைத்துக்கொள்ளும். இதை நானே எழுதினேன். இவ்வளவு கெட்டிக்காரனை யட்டவத்த எப்படித் தாங்குகிறது என்று எனக்கே கவலையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது மாரியாயி அக்கா எட்டிப் பார்த்தார். கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே முதல் கை, வாயிலும் முதல். என் சொலவடைக் கொப்பியில் பாதிக்கு மேல் அவர் சொன்னதுதான்.

“ஏன் தம்பி, இந்தப் பொட்டிக்குள்ள ஆரு இருக்கா?”

“இப்ப ஆருமில்லக்கா. நீங்க பேசினா நீங்க இருப்பீங்க.”

“சும்மா சொல்லாத!”

மைக்கை நீட்டினேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போது பீப் என்று கத்துவதற்குப் பதிலாக நம் ஆட்களின் குரலில் ஏதாவது சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. பரீட்சித்துப் பார்க்க இதைவிட நல்ல குரல் எது? அக்கா மைக்கை முகர்ந்து பார்த்துவிட்டு ஆரம்பித்தார். “அட்டைக்கு உப்பு போடு, அரட்டைக்கு வேல போடு.” பிறகு இன்னும் நாலைந்து. பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி:

“தொரை பல்லக் காட்டுனா, நம்ம பையப் பொத்திக்கணும்.”

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி சாய்ந்தது. “அய்யோ அக்கா, அருமை! இன்னொரு தடவ சொல்லுங்க!” அவர் இன்னொரு தடவையும் சொன்னார். அதைத்தான் விழிப்புக் குரலாக வைத்தேன். பரீட்சைக்குத்தானே? அப்படியே பொட்டலம் கட்டினேன். முதலாம் எண் போட்டேன். பன்னிரண்டு வயிற்றிலும் நிறைத்தேன். நிறைந்துவிட்டது என்று திரை சொன்னதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கூரை ஒழுகுகிற இடத்தில் தாய் மெஷின் வேண்டாம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் அவ்வளவு முட்டாள் இல்லை. பூசைக்கு முந்தின நாள் சாந்தியைக் கடைக்கு வரச்சொல்லி, ஒழுங்கான குரல் ஒன்று எடுத்தேன்: “வணக்கம். வாங்க, படிக்கலாம்.” மாரியாயி அக்காவைத் தாய் மெஷினிலிருந்து அழித்தேன். சாந்தியை வைத்தேன். பொட்டலத்தைத் திரும்பக் கட்டினேன். போட்டுப் பார்த்தேன்: வணக்கம், வாங்க, படிக்கலாம். தேன் மாதிரி.

“மத்த பன்னெண்டையும் பாக்க வேணாமா?” என்று சாந்தி கேட்டாள்.

“தாய் மாறினா பிள்ளை மாறும்” என்றேன். இதைக் கொப்பியில் வேறு எழுதிக்கொண்டேன், என் சொந்தச் சொலவடையாக.

எண்ணை மாற்றவில்லை. முதலாம் எண் முதலாம் எண்ணாகவே இருந்தது.

சரி, பூசையன்று போய்ப் பன்னிரண்டில் ஒன்றையாவது தட்டிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். தோட்டத்தில் நீங்கள் சரஸ்வதி பூசை பார்த்ததில்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியிலிருந்து பேக்டரி மோட்டார் வரை சந்தனம் வைத்து, பூப்போட்டு, பூசையில் வைத்துவிட்டால் வைத்ததுதான். மறுநாள் நல்ல நேரத்துக்குக் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு திரையின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு செவ்வந்தி மாலை. முன்னால் அவல், கடலை. பெண்கள் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். “ஒரே ஒரு தடவ போட்டு…” என்று வாயைத் திறந்தேன். மாரியாயி அக்காவே என்னை மறித்தார்: “சாமி படிக்கிற நேரம் தம்பி. தொட்டா கை வெளங்காது.”

மறுநாள் காலை. தாய் மெஷினை மேசையில் வைத்து, வயரைச் சொருகி, காலில் படாதபடி சாக்கால் மூடினேன். அறை நிறைய ஆட்கள். வேலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு வாசலில். துரை வெள்ளைக் காற்சட்டையோடு வந்தார். கற்பூரம் காட்டியாயிற்று. சாந்தியின் மாணவர்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு மெஷினுக்கு முன்னால் நின்றார்கள். சாந்தி சைகை காட்டினாள். பன்னிரண்டு விரலும் ஒன்றாக அழுத்தின.

காற்றாடிகள் சுற்றின. திரைகளில் எழுத்து ஓடியது. அழகான காட்சி. துரைக்கே சந்தோஷம் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்து, வாழ்க்கையில் நான் முதல்முறையாகப் பார்க்கிறேன், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

ஐந்தாம் மெஷின்தான் இருந்ததில் வேகமானது. அது வாயைத் திறந்தது.

“தொரை பல்லக் காட்டுனா, நம்ம பையப் பொத்திக்கணும்.”

அதோடு நின்றிருந்தால் யாரோ வெளியில் பேசியது என்று சாதித்திருப்பேன். அடுத்ததாக, எல்லோருக்கும் தெரிந்த என் குரல்: “அய்யோ அக்கா, அருமை! இன்னொரு தடவ சொல்லுங்க!” பிறகு நாற்காலி சாய்கிற சத்தம். பிறகு இன்னொரு தடவை.

துரையின் சிரிப்பு இறங்கவும் தெரியாமல் ஏறவும் தெரியாமல் முகத்திலேயே நின்றது. வாசலில் மாரியாயி அக்கா நெஞ்சில் கை வைத்து, “ஆத்தாடி! நான் இங்கல்ல நிக்கிறேன்!” என்றார்.

பாய்ந்து போய்த் தாய் மெஷினின் வயரைப் பிடுங்கினேன். தாயின் வாயை அடைத்தால் பிள்ளைகள் அடங்கும் என்று என் கணக்கு. மூன்றாம் மெஷின், “தொரை பல்லக் காட்டுனா…” தாயின் கரண்டையே பிடுங்கினேன். தாய் செத்தது. ஒன்பதாம் மெஷினும் ஏழாம் மெஷினும் சேர்ந்து, “…பையப் பொத்திக்கணும்.” பழைய மெஷின்கள் அல்லவா, ஒவ்வொன்றும் ஒரு வேகம். ஒன்று முடிக்க ஒன்று தொடங்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் “அருமை! அருமை!” என்று கத்துகிறேன். நாற்காலி சாய்ந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது கிழம். எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, ஆற அமர, தனியாக ஒரு தடவை சொல்லி முடித்தது.

கணக்கப்பிள்ளை மெதுவாகச் சாவிக்குக் கை நீட்டினார்.

“யாரு சொன்னது இது?” என்றார் துரை.

நான் நிலத்தைப் பார்த்தேன். மாரியாயி அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். “நான்தாங்க ஐயா. ஆனா நான் ரெண்டு தடவதான் சொன்னேன். மிச்சமெல்லாம் இந்தத் தம்பி.”

“நான் சிரிச்சா அப்பிடியா?”

“ஐயாவச் சொல்லலீங்க. எங்கம்மா காலத்துலருந்தே இந்தப் பேச்சு இருக்குங்க. பல்லுதான் மாறுது.”

 துரை மேசையில் செத்துக் கிடந்த தாய் மெஷினைப் பார்த்தார். என் கையில் தொங்கிய வயரைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. சோதனைச்சாவடிச் சிப்பாயின் முகத்தில் பார்த்த அதே சாமான்.

“நீ வயர் கழட்டினதுதானே? இது செத்ததுதானே? பின்னே எப்பிடிப் பேசுறது?”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. வெட்கம், பயம், வேலைக்காரனுக்கு இருக்கவேண்டிய அடக்கம் எல்லாம் மறந்துவிட்டது. “ஐயா, அதுதாங்க விசேஷம்! எழும்புறதுக்கு மட்டும்தான் தாய் வேணும். எழும்பிட்டா பேச்சு, படம், படிப்பு எல்லாம் அதது வயித்துக்குள்ள. இப்ப ஒரு குடம் இருக்குன்னு வைங்க…” பீலி, குடம், பொட்டலம், எண் எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினேன். எண்ணுக்கு வந்தபோதுதான், என்ன செய்யவில்லை என்பது எனக்கே விளங்கியது. “நம்பர மாத்த மறந்துட்டேன், ஐயா.”

துரை குனிந்து நாலாம் மெஷினின் கரண்டைத் தானே பிடுங்கினார். அது மட்டும் இருண்டது. மற்றப் பதினொன்றும் சந்தனப் பொட்டோடு வெளிச்சமாக நின்றன. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

“ஒண்ணு செத்தா ஒண்ணுதான் சாகுறது” என்றார். “மிளகு மாதிரி.”

சாவியை சாந்தியின் கையில் வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழக்கதோஷம்: வாசலில் நின்ற அத்தனை பெண்களின் கையும் இடுப்புச் சுருக்குப்பைக்குப் போனது. துரை அதையும் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சிரித்தது கூரைத் தகரம் அதிரச் சிரித்த சிரிப்பு.

போகும்போது என் தோளில் தட்டினார். “தம்பி, பங்களாவுல ரேடியோ ஒண்ணு, டி.வி. ரெண்டு, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை வா. தோட்டத்துக்கு செய்யுற உதவி தானே?”

நான் பையைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமையைப் பொத்த மறந்துவிட்டேன். அடுத்த இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் பங்களாவில் போயின. மாரியாயி அக்காவின் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

அன்று மத்தியானமே எண்ணை இரண்டாக்கினேன். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் பன்னிரண்டு குடமும் மாறி, சாந்தியின் குரலில் வணக்கம் சொல்லின. “பழசே நல்லா இருந்திச்சு டீச்சர்” என்று பிள்ளைகள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். அடுத்த வாரம் மாத்தளைக்குப் போகும்போது அதே சாவடியில் அதே சிப்பாய். பையைத் திறக்குமுன் முகத்தைப் பார்த்தான்.

“பேசியதா?”

“பேசியது, மாத்தயா” என்றேன். “தேவைக்கு மேலேயே பேசிவிட்டது.”

இப்போது சாந்தி என் மனைவி. (எப்படி என்பது அவள் எழுதவேண்டிய கட்டுரை.) எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் “நிச்சயமா?” என்று கேட்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன், கதவைப் பூட்டிவிட்டேன், பில்லைக் கட்டிவிட்டேன் என்று நான் எது சொன்னாலும், சமையலறையிலிருந்து சாந்தியும் அறைக்குள்ளிருந்து மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்:

“நம்பர மாத்துனீங்களா?”

முப்பது வருடமாக ஊரார் சொலவடைகளைக் கொப்பியில் சேர்த்தவன் நான். மற்றவர்கள் வாயில் என்னால் உண்டானது இது ஒன்றுதான். போன மாதம் யட்டவத்த பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் ஒருத்தி, எனக்கு யாரென்றே தெரியாது, தன் புருஷனிடம் அதையே கேட்டாள். நான் இறங்கி வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கொப்பியைத் திறந்தேன். எழுதினேன். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அணைத்திருக்கவில்லை.